புகை விழும் இடம்

1920களின் கடைசியில் லண்டன்வாசிகளை ஒரு கேள்வி பிடித்து ஆட்டியது. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், பாட்டர்சீயில், நகரத்தின் நடுவிலேயே ஒரு மாபெரும் அனல்மின் நிலையம் எழும்பப் போகிறது. அங்கே எரிகிற நிலக்கரியின் புகை யார் தலையில் விழும்? ஆற்றுக்கு அக்கரையில் டேட் ஓவியக்கூடம் இருந்தது. கொஞ்சம் தள்ளி நாடாளுமன்றம், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயம், அரண்மனை, பூங்காக்கள். கந்தகப் புகை ஓவியங்களின் வண்ணத்தைத் தின்றுவிடும், சுண்ணாம்புக் கல்லை அரித்துவிடும், மரங்களைக் கருக்கிவிடும் என்று எதிர்ப்பு கிளம்பியது. அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் புகையிலிருந்து கந்தகத்தை நீக்க வேண்டும் என்று கூடவே நிபந்தனையும் போட்டது.

1933-இல் பாட்டர்சீ மின்சாரம் தரத் தொடங்கியது. புகைபோக்கிக்குப் போகும் வழியிலேயே தேம்ஸ் தண்ணீரைத் தெளித்து, சுண்ணாம்பும் சேர்த்து, புகையைக் கழுவினார்கள். கந்தக டைஆக்சைடு 90 சதவீதத்துக்கும் மேல் நீங்கியது. இவ்வளவு பெரிய அளவில் புகையைக் கழுவிப் பார்த்த முதல் முயற்சிகளுள் அது ஒன்று. ஆனால், கழுவப்பட்ட புகை குளிர்ந்துபோனது. சூடான புகை தானாக மேலே எழும். ஈரமும் குளிர்ச்சியும் ஏறிய புகையால் அப்படி எழ முடியவில்லை. காற்று மந்தமான நாட்களில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இறங்கியது. மிச்சக் கந்தகம் அக்கம்பக்கத்துத் தெருக்களுக்குப் போனது, கழுவிய தண்ணீர் தேம்ஸுக்குப் போனது.

கரும்புகை என்றால் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். கந்தக டைஆக்சைடுக்கு நிறம் கிடையாது. அது எந்தத் தெருவில் இறங்குகிறது, எந்த மாதத்தில் கூடுகிறது, எந்தக் காற்றில் விலகிப்போகிறது என்பதைத் தேடிப்போய் அளந்தால்தான் தெரியும். அளந்ததை ஒரு வரைபடத்தில் குறித்தால்தான் அடுத்தவருக்கு விளங்கும். அந்த வரைபடத்தை யார் வரைகிறார்கள், எங்கே நின்று அளக்கிறார்கள், எவ்வளவு தூரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பவை நூறாண்டுகளாக வெறும் அறிவியல் கேள்விகளாக மட்டும் இருந்ததில்லை. யாருடைய இருமல் கணக்கில் வரும், யாருடையது வராது என்பதை அவைதான் முடிவு செய்திருக்கின்றன.

முதலில் இருந்தவை கிண்ணங்கள். 1912-இல் பிரிட்டனில் வளிமண்டல மாசை ஆராய ஒரு குழு அமைந்தது. அது ஊர் ஊராக வைத்த கருவி மிக எளிமையானது. இரும்புத் தாங்கியின் மேல் வாய் அகன்ற கிண்ணம், அதன் அடியில் ஒரு குழாய், குழாய்க்குக் கீழே பெரிய பாட்டில். மழையும் தூசியும் கரியும் கிண்ணத்தில் விழுந்து பாட்டிலில் சேரும். மாதக் கடைசியில் பாட்டிலை எடுத்துப் போய் வடிகட்டி, உலர்த்தி, எடை போடுவார்கள். சதுர மைலுக்கு இத்தனை டன் என்று கணக்கு வரும். கந்தகத்துக்குப் பின்னாளில் வேறொரு கருவி வந்தது. ஈயப் பெராக்சைடு பூசிய துணியை ஒரு சிறு உருளையில் சுற்றி, மழை படாதபடி சன்னல் அடைப்பு போட்ட மரப்பெட்டிக்குள் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். காற்றில் இருக்கும் கந்தகம் அந்தப் பூச்சோடு வினைபுரிந்து ஈய சல்பேட்டாக மாறும். அது எவ்வளவு என்று ஆய்வகம் சொல்லிவிடும்.

இக்கருவிகளுக்குப் பொறுமை அதிகம், கூர்மை குறைவு. மாதம் முழுவதற்கும் ஒரே எண்தான் கிடைக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று மணி நேரம் ஊரே மூச்சுத் திணறியிருந்தாலும் அந்த எண்ணில் அது கரைந்துபோகும். இந்தக் குறை இன்றைய கருவிகளையும் முழுதாக விட்டுப்போகவில்லை.

ஒரு நகரத்தின் காற்றை முறையாக, பல இடங்களில் ஒரே காலத்தில், தொடர்ந்து அளந்த முதல் பெரிய ஆய்வு 1937 முதல் 1939 வரை லெஸ்டர் நகரில் நடந்தது. மற்ற தொழில் நகரங்களோடு ஒட்டாமல் தனியாக நின்ற நடுத்தர ஊர் என்பதால் லெஸ்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியிலிருந்து வரும் புகை குறைவு. ஊருக்குள் தெரிவது பெரும்பாலும் ஊரின் புகையே. காற்றின் வேகம், பருவம், நகர மையத்திலிருந்து உள்ள தூரம் ஆகியவற்றோடு மாசு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது. நடுவில் போர் வந்துவிட்டதால் அறிக்கை 1945-இல்தான் வெளியானது.

கருவியே இல்லாமலும் வரைபடம் வரைந்தவர்கள் உண்டு. மரப்பட்டையிலும் பாறையிலும் சாம்பலும் பச்சையும் மஞ்சளுமாகப் படரும் லைக்கன்களுக்குக் கந்தகம் ஆகாது. 1866-இல் வில்லியம் நைலாண்டர் என்ற தாவரவியலர் பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்தில் உயிரோடு இருந்த லைக்கன் வகைகள் நகரத்தின் மற்ற பகுதிகளில் காணாமல் போயிருப்பதைக் கவனித்து, காற்று எங்கே நல்லது என்று சொல்லும் சாட்சி இதுவே என்றார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1970-இல், ஹாக்ஸ்வொர்த்தும் ரோஸும் மரப்பட்டை லைக்கன்களை மட்டுமே வைத்து இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதையும் கந்தக டைஆக்சைடு மண்டலங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு மரம் பல ஆண்டுகளாக எதைச் சுவாசித்தது என்பது அதன் பட்டையிலேயே எழுதியிருந்தது. வாரத்துக்கு இத்தனை நாள் என்று இயங்கும் எந்தக் கருவியாலும் அப்படி ஒரு தொடர்ச்சியைத் தர முடியாது.

அளப்பது ஒரு வழி. அளக்காமலே கணக்குப் போட்டுச் சொல்வது இன்னொரு வழி. மின் நிலையம் கட்டுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் வேண்டியிருந்தது. நிலையம் இன்னும் எழும்பவில்லை, புகை இன்னும் வரவில்லை, ஆனால் எங்கே விழும் என்று இப்போதே சொல்ல வேண்டும். புகைபோக்கியிலிருந்து புகையும் வாயுவும் பரவுவதைக் கணக்கிட 1936-இல் பொசன்கெட்டும் பியர்சனும் ஒரு சூத்திரம் தந்தார்கள். இதற்கிடையில் அதே கணக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் வளர்ந்துகொண்டிருந்தது. முதல் உலகப் போரில் விஷவாயு வீசப்பட்டபோது பிரிட்டன் 1916-இல் போர்ட்டனில் ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. வாயு எவ்வளவு தூரம் போகும், எதிரி மேல் விழுமா, நம்மவர் மேலேயே திரும்புமா என்பதை அறிய அங்கே வானிலை ஆய்வும் நடந்தது. அங்கிருந்துதான் சட்டனின் 1932 கோட்பாடு வந்தது. அங்கே உழைத்த பாஸ்குவில்தான் 1961-இல் வெயில், மேகம், காற்றின் வேகம் ஆகிய மூன்றை மட்டும் வைத்து வளிமண்டலத்தை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினார். அமெரிக்காவின் கிஃபோர்டு அதை எளிதில் பயன்படுத்தும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு உலகெங்கும் மின் நிலையப் புகைக்குப் போட்ட வரைபடங்களின் முதுகெலும்பு இதுதான்.

அந்த முதுகெலும்புக்குத் தரவு எங்கிருந்து கிடைத்தது? 1956 கோடையில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஓநீல் என்ற ஊருக்கருகே ஒரு சமவெளிப் புல்தரையில் நடந்த சோதனையின் பங்கு இதில் பெரிது. தரையை ஒட்டிய ஒரு குழாயிலிருந்து கந்தக டைஆக்சைடைப் பத்துப் பத்து நிமிடமாகத் திறந்துவிட்டார்கள். 50, 100, 200, 400, 800 மீட்டர் தூரங்களில் வளைவு வளைவாக நட்ட கம்பங்களில் அது எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்தார்கள். மிகக் கவனமாகச் செய்த சோதனை. இன்றும் ஆய்வாளர்கள் அதை மதிக்கிறார்கள். ஆனால் அது மரமில்லாத சமநிலம். புகைபோக்கி இல்லை, கடல் இல்லை, 800 மீட்டருக்கு அப்பால் அளவீடு இல்லை. அதிலிருந்து பிறந்த வளைகோடுகளைப் பல கிலோமீட்டருக்கு நீட்டி, வானளாவிய புகைபோக்கிகளுக்கும், பின்னர் வெப்பமண்டலக் கடற்கரைகளுக்கும் பொருத்தினார்கள். கணக்கு தவறென்று சொல்ல முடியாது. அது எங்கே பிறந்தது என்பது மறந்துபோனதுதான் பிழை.

கணக்கு கைக்கு வந்ததும் பொறியாளர்களுக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. புகைபோக்கியை உயர்த்தினால் தரையில் விழும் மாசின் செறிவு வேகமாகக் குறைகிறது. கந்தகத்தைக் கழுவ வேண்டாம், பணமும் மிச்சம். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டத்தில் 4,000 பேர் இறந்ததாக அன்றே கணக்கிட்டார்கள். பின்னாளைய ஆய்வுகள் அந்த எண்ணிக்கையை 12,000 வரை கொண்டுபோயின. அதன் பிறகு வீட்டு அடுப்புகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. மின் நிலையங்கள் ஊருக்கு வெளியே போயின, கூடவே வானத்தை நோக்கியும் போயின. யார்க்‌ஷயரில் டிராக்ஸ் நிலையத்தின் புகைபோக்கி 259 மீட்டர். அமெரிக்காவில் 1970-இல் 500 அடிக்கு மேற்பட்ட புகைபோக்கிகள் இரண்டே இருந்தன. 1985-இல் 180-க்கும் அதிகம்.

நிலையத்தைச் சுற்றி வைத்த கருவிகள் நல்ல செய்தி சொல்லின. பக்கத்து ஊர்களில் கந்தகம் குறைந்தது. ஆனால் 1967-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வாண்டே ஓடென் வேறொரு கணக்கை முன்வைத்தார். ஸ்காண்டிநேவியாவின் மழையில் அமிலம் ஏறிக்கொண்டே போகிறது, ஏரிகளில் மீன் அற்றுப்போகிறது, அந்தக் கந்தகம் பிரிட்டனிலிருந்தும் மத்திய ஐரோப்பாவிலிருந்தும் காற்றேறி வருகிறது என்றார். 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு கூடியபோது ஸ்வீடன் இதையே தன் வழக்காக முன்வைத்தது. பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் வரைந்துகொண்டிருந்தவர்கள் ஒரு கண்டத்தையே வரைய வேண்டியதாயிற்று. 1979-இல் ஜெனீவாவில், எல்லை தாண்டிய காற்று மாசு குறித்த உடன்படிக்கை கையெழுத்தானது. உயரமான புகைபோக்கி மாசை அழிக்கவில்லை, வரைபடத்தின் ஓரத்துக்கு அப்பால் தள்ளிவிட்டது என்பதை ஐரோப்பா ஏரிகளில் செத்த மீன்களைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டது.

அந்த ஆண்டுகளில்தான் சென்னைக்கு வடக்கே எண்ணூரில் புகைபோக்கிகள் எழும்பிக்கொண்டிருந்தன.

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம், குறுக்கே ஓடும் பக்கிங்காம் கால்வாய், உப்பளங்கள், அலையாத்திக் காடு, மடவையும் இறாலும் நண்டும் அள்ளிக் கொடுத்த கழிமுகம். வெள்ளைக்கார அதிகாரிகள் ஓய்வுக்குப் போன ஊர் ஒருகாலத்தில் எண்ணூர். அங்கே 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் இயந்திரம், 60 மெகாவாட், ஓடத் தொடங்கியது. 1975-க்குள் ஐந்து இயந்திரங்கள், மொத்தம் 450 மெகாவாட். முகத்துவாரத்துக்கு வடக்கே 1994 முதல் 1996-க்குள் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது, 630 மெகாவாட். அதன் இரண்டாம் கட்டத்தில் 1,200 மெகாவாட் சேர்ந்தது. மேற்கே வல்லூரில் 2012 தொடங்கி 1,500 மெகாவாட். பழைய எண்ணூர் நிலையம் 2017 மார்ச் 31-ஆம் தேதி மூடப்பட்டது. 2024 மார்ச்சில் வடசென்னையின் மூன்றாம் கட்டம், 800 மெகாவாட், திறக்கப்பட்டது. நிலக்கரி கப்பல்கள் வருவதற்கென்றே 2001-இல் எண்ணூர் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்து நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி இங்கே இறங்குகிறது.

அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் இந்திய நிலக்கரி வேண்டும். 500 மெகாவாட் இயந்திரம் ஒன்று ஒரு நாள் முழுக்க முழுத் திறனில் ஓடினால் 1.2 கோடி யூனிட், அதாவது சுமார் 8,400 டன் நிலக்கரி. இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் சாம்பல். 35 என்று வைத்துக்கொண்டாலும் நாளைக்கு ஏறத்தாழ 2,900 டன். இதில் பெரும்பங்கை நிலைமின் வடிகட்டி பிடித்துவிடுகிறது. கந்தகத்தை அது பிடிக்காது.

கந்தகத்துக்கு இந்தியச் சட்டம் என்ன சொன்னது? தூசிக்கு வரம்பு இருந்தது. 210 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள இயந்திரம் என்றால் ஒரு கனமீட்டர் புகையில் 150 மில்லிகிராம், அதற்குக் கீழ் என்றால் 350. கந்தக டைஆக்சைடுக்கு 2015 வரை அப்படி ஒரு வரம்பே இல்லை. இருந்தது புகைபோக்கியின் உயரம் மட்டுமே. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் 275 மீட்டர், 200 அல்லது 210-லிருந்து 500-க்குள் 220 மீட்டர். அதைவிடச் சிறியவற்றுக்கு ஒரு சூத்திரம்: மணிக்கு எத்தனை கிலோ கந்தக டைஆக்சைடு வருமோ அதன் 0.3 அடுக்கை 14-ஆல் பெருக்கினால் உயரம் மீட்டரில் கிடைக்கும். இந்தச் சூத்திரத்தை ஒருமுறை போட்டுப் பார்த்தாலே அதன் குணம் தெரிந்துவிடும். கந்தகம் இரண்டு மடங்கானால் புகைபோக்கி 23 சதவீதம் உயர்ந்தால் போதும். ஐரோப்பா கைகழுவிக்கொண்டிருந்த தீர்வை இந்தியா 1990-இல் விதியாக எழுதி வைத்துக்கொண்டது.

வரைபடத்துக்கும் விதி வந்தது. 1994 முதல் பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம். அனல்மின் நிலையம் என்றால் அதை மையமாக வைத்துப் பத்துக் கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுவார்கள். வட்டத்துக்குள் சில ஊர்களைத் தேர்ந்து, மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவம் காற்றை அளப்பார்கள். அதன்மேல் கணினி மாதிரி கொண்டு, புதிய புகைபோக்கியால் எங்கே எவ்வளவு கூடும் என்று சமக்கோடுகள் வரைவார்கள். அறிக்கையின் நடுவில், நிலப்படத்தின்மேல் வண்ண வளையங்களாக அந்தப் படம் இருக்கும். மையத்தில் புகைபோக்கி, ஒரு திசையில் நீண்டு, பத்தாவது கிலோமீட்டரில் கத்தரித்தாற்போல் நின்றுவிடும் வளையங்கள்.

எண்ணூர்க் காற்று ஒரு பருவத்துக்குள் அடங்குவதில்லை. கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும்போது புகை தென்மேற்கே, மணலி, தண்டையார்பேட்டை பக்கமாகச் சாய்கிறது. பங்குனி, சித்திரையில் தென்கிழக்குக் காற்று அதை மீஞ்சூர், பொன்னேரி பக்கம் தள்ளுகிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று காலையில் புகையைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. பிற்பகலில் கடற்காற்று புகுந்தால் திரும்பக் கரைக்குக் கொண்டுவருகிறது. மூன்று மாதம் அளந்து வரைந்த படத்தில் இந்த மூன்றில் ஒன்றே அகப்படும்.

கடற்காற்று இன்னொரு வேலையும் செய்கிறது. கடல்மேலிருந்து வரும் குளிர்காற்று அடுக்கடுக்காக, கலங்காமல் வரும். அதில் ஏறிய புகை கலையாமல் ஒரு நாடாபோல உயரத்திலேயே கரையைத் தாண்டும். கரைக்கு மேலே வெயிலில் காய்ந்த நிலம் காற்றைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கொந்தளிப்பின் உயரம் கரையிலிருந்து உள்ளே போகப் போகக் கூடும். சில கிலோமீட்டர் உள்ளே போனதும் அது புகையைத் தொடும். தொட்ட இடத்தில் புகை மொத்தமாகத் தரைக்கு இறங்கும். 1973-இல் லயன்ஸ், கோல் என்ற இரு ஆய்வாளர்கள் மிச்சிகன் ஏரிக் கரையில் இதை விரிவாக விளக்கினார்கள். புகைபோக்கியின் நிழலில் வசிப்பவருக்கு அந்த நண்பகலில் எதுவும் தெரியாது. தள்ளியிருக்கும் ஊரில் கண் எரியும். நெப்ராஸ்காப் புல்தரையில் பிறந்த வளைகோடுகளுக்கு இந்தக் கடற்கரை நண்பகல் எட்டாது. இதற்கெனத் தனியாகக் கணக்குச் சேர்த்தால்தான் படத்தில் வரும்.

அரசுக் கருவிகள் இருந்தன. தேசியக் காற்றுக் கண்காணிப்புத் திட்டத்தில் கத்திவாக்கம், மணலி, திருவொற்றியூர் மூன்றிலும் நிலையங்கள் அமைந்தன. கட்டட மாடியில் ஒரு தகரக் கூண்டு, உள்ளே காற்றை உறிஞ்சும் மோட்டார், மேலே கண்ணாடி இழைத் தாள். தாளை எடை போட்டு வைத்து, காற்றை உறிஞ்சவிட்டு, மறுபடி எடை போடுவார்கள். வெள்ளையாகப் போன தாள் பழுப்பாகவோ சாம்பலாகவோ திரும்பும். கந்தகத்துக்கு, கண்ணாடிக் குப்பியில் நிரப்பிய கரைசல் வழியே காற்றைக் குமிழ்விட்டு, பிறகு நிறம் ஏற்றிப் பார்ப்பார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் என்பது திட்டத்தின் கணக்கு. மிச்சமுள்ள 261 நாட்களின் காற்று எந்தத் தாளிலும் படியவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் இடைவிடாமல் அளக்கும் தானியங்கி நிலையங்கள் வடசென்னைக்கு வந்தன. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழில் பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது மணலிக்கு 76.32 கிடைத்தது, 70-ஐத் தாண்டினாலே கடுமையாக மாசுபட்ட பகுதி.

புகைபோக்கியை மையமாக வைத்து வரையும் படத்தில் விட்டுப்போகிற இன்னொன்று, தரையிலேயே கிடக்கும் சாம்பல். வடசென்னை நிலையத்தின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, கொசஸ்தலைக்கு மேலாகக் குழாய்களில் அனுப்பி, செப்பாக்கத்தில் குளம் கட்டித் தேக்கினார்கள். குழாய்கள் கசிந்தன, உடைந்தன. சாம்பல் ஆற்றில் படிந்து, ஆழம் இருந்த இடத்தில் முழங்கால் தண்ணீர் ஆனது. ஆற்றில் இறங்கி வலை வீசினவர்களின் கால் சாம்பலில் புதைந்தது. செப்பாக்கத்தை ஒட்டிக் கிடக்கும் குளத்தின் மேற்பரப்பு கோடையில் காய்ந்துவிடும். சித்திரைக் காற்று அதை வாரித் தூற்றும். கொடியில் உலர்த்திய துணியை எடுத்து உதறினால் சாம்பல் பறக்கும். குடத்தை மூடாமல் வைத்தால் மேலே ஆடை கட்டும். 275 மீட்டர் உயரத்திலிருந்து எவ்வளவு விழும் என்று போட்ட கணக்கில் இந்த வீட்டு வாசல் இல்லை. ஆனால் எந்த மாதம், எந்தக் காற்றில், எந்தத் தெருவுக்குச் சாம்பல் வரும் என்று அந்த ஊர்ப் பெண்கள் தேதிவாரியாகச் சொல்வார்கள். அதையும் ஓர் அளவீடாக எடுத்துக்கொள்ள அதிகாரிகளுக்குப் பல ஆண்டுகள் ஆயின. 

மக்கள் தாங்களே கருவி எடுத்த வரலாறும் உண்டு. 1990களின் நடுவில் கலிஃபோர்னியாவில், சுத்திகரிப்பு ஆலைகளைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்காக ஒரு மலிவான கருவி உருவானது. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, உள்ளே வாயு ஒட்டாத ஒரு பை. நாற்றம் அடிக்கிற அந்தக் கணத்திலேயே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம். 2004-இல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்தார் இந்த வாளியைக் கையிலெடுத்தார்கள். எண்ணூரிலும் பின்னர் தன்னார்வக் குழுக்கள் காற்று மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பின. முறைப்படி எடுத்ததில்லை என்று இத்தகைய முடிவுகளை ஒதுக்குவது வழக்கம். வாரத்தில் இரண்டு நாள் அளக்கும் முறை எப்படி மேலானது என்பதற்குத் திருப்தியான பதில் கிடைப்பதில்லை. 2017-இல் எண்ணூர் முகத்துவாரத்துச் சாம்பல் தமிழ்நாடு முழுக்கப் பேச்சானது. அவ்வாண்டு ஜனவரியில் ‘புறம்போக்கு’ பாடல் காணொளி வெளிவந்தது; அக்டோபரில் கமல்ஹாசன் கழிமுகத்துக்கு நேரில் வந்து பார்த்தார். மீனவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறினார்கள்.

இதற்குள் வானத்திலிருந்தும் ஒரு கண் பார்க்கத் தொடங்கியிருந்தது. 2004-இல் நாசா ஏவிய ஆரா செயற்கைக்கோளில் ஓஎம்ஐ என்ற கருவி இருந்தது. சூரிய ஒளி பூமியில் பட்டுத் திரும்பும்போது கந்தக டைஆக்சைடு எந்தப் புறஊதா அலைகளை விழுங்கியிருக்கிறது என்பதை வைத்து, எங்கே எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். ஒரே நாளில் பார்த்தால் கலங்கலாகத்தான் தெரியும். ஒரு கட்டம் 13-க்கு 24 கிலோமீட்டர்; எண்ணூர் முழுவதும் ஒரு கட்டத்துக்குள் அடங்கிப்போகும். ஆனால் பல ஆண்டுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் ஒவ்வொரு மின் நிலையக் கூட்டமும் தனித்தனியே சிவந்து தெரியும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, 2005-க்கும் 2012-க்கும் இடையில் இந்திய நிலக்கரி மின் நிலையங்களின் கந்தக டைஆக்சைடு சுமார் 60 சதவீதம் கூடியதை இப்படித்தான் கண்டது. 2017-இல் இன்னோர் ஆய்வு, இந்த வாயுவில் இந்தியா சீனாவை முந்திக்கொண்டிருக்கிறது என்றது. சீனாவின் நிலையங்கள் கந்தகத்தை நீக்கும் கருவிகளைப் பொருத்திக்கொண்டே வந்ததால் அங்கே குறைந்தது; இங்கே கூடியது. 2019-இல் கிரீன்பீஸ் அமைப்பு அதே கருவியின் தரவைக் கொண்டு பட்டியலிட்ட இந்திய மையங்களில் சிங்ரௌலி, தால்சேர், கோர்பாவோடு நெய்வேலியும் சென்னையும் இருந்தன.

செயற்கைக்கோளின் வரைபடத்துக்கு வட்டம் கிடையாது. மாவட்ட எல்லையும் தெரியாது. அதுவே அதன் பெரும் பலம். ஆனால் அது பார்ப்பது வானத்தில் தொங்கும் மொத்தத்தை. மூக்குக்கு எட்டும் உயரத்தில் எவ்வளவு என்று அதனால் நேராகச் சொல்ல முடியாது. அதோடு, அது கடந்துபோவது நாளுக்கு ஒருமுறை, பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில். நள்ளிரவில் நிலக்காற்று மந்தமாகி, சாம்பலும் புகையும் வீடுகளுக்குள் தங்குவதைப் பார்க்க இன்னமும் தரையில்தான் ஆள் வேண்டும்.

2015 டிசம்பர் 7-ஆம் தேதி மத்திய அரசு முதன்முறையாகக் கந்தக டைஆக்சைடுக்கு வரம்பு விதித்தது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த 500 மெகாவாட்டுக்குக் குறைந்த இயந்திரங்களுக்கு ஒரு கனமீட்டரில் 600 மில்லிகிராம், 500-உம் அதற்கு மேலும் 200, 2017 முதல் வருபவற்றுக்கு 100. இரண்டே ஆண்டு அவகாசம். அந்த அவகாசம் 2022-க்கு நீண்டது, பிறகு மேலும் மேலும் நீண்டது.

நடுவே ஒரு விவாதம் எழுந்தது. மின் நிலையங்களைச் சுற்றிக் காற்றை அளந்தால் கந்தக டைஆக்சைடு 24 மணி நேரத்துக்கு 80 மைக்ரோகிராம் என்ற தேசிய வரம்புக்குள்தானே இருக்கிறது, பிறகு எதற்கு ஆயிரக்கணக்கான கோடி செலவழித்துக் கந்தக நீக்கிகள் என்று ஒரு தரப்பு கேட்டது. நீரி, ஐஐடி டெல்லி போன்ற நிறுவனங்களின் ஆய்வுகளை அதற்குச் சான்றாகக் காட்டியது. அளவீடு பொய்யில்லை. நிலையத்துக்கு அடியில் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே 275 மீட்டர் உயர்த்தினார்கள்? மேலே போன கந்தக டைஆக்சைடு மணிக்கணக்கில், நாள்கணக்கில் காற்றில் பயணம் செய்து சல்பேட் நுண்துகளாக மாறுகிறது. நுரையீரலின் அடி வரைக்கும் போகிற பிஎம் 2.5 துகளின் ஒரு பங்கு அது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, வேறு மாநிலத்தில், வேறு பெயரில் அது அளவிடப்படுகிறது. எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்று அங்கே யாரும் எழுதி வைப்பதில்லை. கந்தக டைஆக்சைடை மட்டும், நிலையத்தின் அருகில் மட்டும் அளந்து எடுத்த முடிவு, கேள்வியின் பாதிக்குத்தான் பதில்.

2025 ஜூலை 11-ஆம் தேதி புதிய அறிவிக்கை வந்தது. தலைநகர் வட்டாரத்திலிருந்தோ, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலிருந்தோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்கள் ‘ஏ’ பிரிவு. அவை 2027 டிசம்பர் 30-க்குள் கந்தக வரம்புக்கு உட்பட வேண்டும். மாசு மிகுந்த பகுதிகளில் உள்ளவை ‘பி’ பிரிவு. அவற்றைத் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்வார்கள். நாட்டின் அனல்மின் நிலையங்களில் சுமார் 78 சதவீதம் ‘சி’ பிரிவில் வருகின்றன. அவற்றுக்குக் கந்தக டைஆக்சைடு வரம்பு இனிப் பொருந்தாது. 2029 டிசம்பர் 31-க்குள் அவை நிறைவேற்ற வேண்டியது 1990-ஆம் ஆண்டின் புகைபோக்கி உயர விதியைத்தான்.